வலது காதில் விழுந்த தத்துவங்கள்

மைக்செட் வைத்திருப்பவனுக்கு ஒரு தலையெழுத்து உண்டு: பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எல்லாருடைய பேச்சையும் வரவேற்புரை முதல் நன்றியுரை வரை கேட்டே ஆக வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்கள் நடுவில் எழுந்து டீ குடிக்கப் போகலாம். மேடையில் இருக்கும் தலைவரே கண்ணசரலாம். நாம் மட்டும் ஆம்பிளிபயர் பக்கத்தில், சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள், சம்பந்தமே இல்லாத கல்யாணத்தில் முதல் வரிசையில் மாட்டிக்கொண்ட நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் திண்டிவனத்தில், மயிலம் ரோட்டில் கடை வைத்திருந்தேன். மரம் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதும் ஒயர் இழுப்பதும் பஷீர் பாய். என்னைவிடச் சின்னவர், என்னைவிடப் பொறுமைசாலி. விழுப்புரம் வரைக்கும் கோயில், சர்ச், கட்சி, கருமாதி என்று எதையும் விடாமல் போவோம்.

எனக்கு மட்டும்

ஒரு காலை முகூர்த்தம். மைக்கைத் தட்டிப் பார்த்தேன். மந்தமாகக் கேட்டது. திருகைக் கொஞ்சம் ஏற்றினேன். இன்னும் மந்தம். மேலும் ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டிருந்தார். நாதஸ்வரக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார். மாலையும் கழுத்துமாக இருந்த பெண்ணும் பொத்திக்கொண்டிருந்தாள். ஏதோ துக்கச் செய்தி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பஷீர் பாய் ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினார். மைக் கூவியிருக்கிறது. குழாயிலிருந்து வரும் சத்தம் திரும்பவும் மைக்குக்குள் புகுந்தால் 'கீ' என்று ஒரு ஊளை கிளம்பும். ஊரில் கைக்குழந்தைகூடக் கண்டுபிடிக்கும் சத்தம் அது. பதினைந்து வருஷமாக அது வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு.

பெண்ணின் அப்பா திட்டவில்லை. கிட்டே வந்து, "ஏன் தம்பி, தெருமுனையில படுத்துக்கினு இருந்த நாயே எழுந்து ஓடுச்சி. உனக்கு மட்டும் கேக்கலியா?" என்றார்.

பாண்டிச்சேரி டாக்டர்

பாண்டிச்சேரியில் ஒரு காது டாக்டர் மணி அடித்து, ஹெட்போன் மாட்டி, எல்லாம் பார்த்துவிட்டு, இடது காது போய்விட்டது, வலது பாதிதான் இருக்கிறது என்றார். குழாய்க்குக் கீழேயே உட்கார்ந்து உட்கார்ந்து வந்ததாம். இனியும் அப்படி உட்கார்ந்தால் மிச்சப் பாதியும் போகும்.

"சரியாகுமா டாக்டர்?" என்று கேட்டேன். "போனது வராது. உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்ல. வேற ஏதாவது வேலை பாத்துக்குங்க" என்றார்.

திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு முப்பத்தெட்டு வயது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை இது, நான் ஆசைப்பட்டுச் செய்த ஒரே வேலையும் இதுதான். இது போனால் காலையில் எதற்காக எழுந்திருப்பது? பஸ் கிளியனூர் தாண்டும்போது ஒன்று தோன்றியது. வாழ்வது எதற்காக, எப்படி என்று பேசியவர்களின் குரலையெல்லாம் இத்தனை வருஷம் நான்தானே ஊருக்குக் கேட்கும்படி செய்தேன்? எனக்கும் ஒரு பதில் சொல்லட்டும். விஷயத்தை வெளியில் விடாமல், கூட்டம் முடிந்ததும் தனியாகக் கேட்பது என்று முடிவெடுத்தேன். பஷீர் பாய்க்கு மட்டும் சொன்னேன். அவர், "கேளு அண்ணே, காசா பணமா? ஆனா எந்தக் காதுப் பக்கம் சொல்றாங்கன்னு பாத்துக்க" என்றார்.

விளக்கு வைக்கும் முன்

மேல்சித்தாமூர் பக்கத்தில் ஒரு ஊரில் சமணர்களின் சொற்பொழிவு. நல்ல வாடிக்கை. வெயில் தாழ்வதற்குள் பேச்சு முடிந்துவிடும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள், நம்மையும் உட்காரவைத்துவிடுவார்கள். டியூப் லைட் கட்டவேண்டாம், பூச்சி வந்து விழுந்து சாகும் என்பார்கள். பாதி வேலை மிச்சம்.

அன்று இலையில் உட்கார்ந்திருந்தபோது, பேசிய தரணேந்திர நயினாரிடம் காதைப் பற்றிச் சொன்னேன். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், குரலே உயர்த்தாதவர். "நாங்க ஒண்ணொண்ணா விடணும்னு பாடுபட்டுக்கினு இருக்கோம். சத்தத்து மேல இருக்கற பற்று உங்களுக்குத் தானா கழண்டுக்குது. பாரம் கொறையுதுன்னு எடுத்துக்குங்களேன்" என்றார்.

"நானா விட்டா அது துறவுங்க. என்கிட்டேருந்து புடுங்கினா அதுக்கு இன்னா பேரு?" என்று கேட்டேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மோர்ச் செம்பை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நியாயம்தான். அதுக்கு நான் யோசிச்சுத்தான் பதில் சொல்லணும். அதுவரைக்கும் மோர் ஊத்திக்குங்க" என்றார்.

மூன்று தட்டு

அடுத்தது விழுப்புரத்தில் பகுத்தறிவுக் கூட்டம். பேச்சாளர் சிங்கம் மாதிரி பேசுவார். தலைவிதி கிடையாது, ராசி கிடையாது, நல்ல நேரம் கெட்ட நேரம் எதுவும் கிடையாது என்று அவர் அடுக்கும்போது எனக்கே முதுகு நிமிரும். இறங்கி வந்தவரிடம் கேட்டேன்.

"வாழ்க்கைக்கு அர்த்தம்னு யாரும் எங்கியும் எழுதி வைக்கல தோழர். நாமதான் வைக்கணும். நாலு பேருக்குப் பயன்பட்டா அதுதான் அர்த்தம். காது போனா கை இருக்கு, கண்ணு இருக்கு, மூளை இருக்கு. யோசிங்க" என்றார். இந்தப் பதில் எனக்குப் பிடித்தது. பிடித்த தைரியத்தில் ரொம்ப நாள் சந்தேகம் ஒன்றையும் கேட்டுவிட்டேன். எந்த ஊர், எந்த மேடை என்றாலும் மைக்கைச் சரியாக மூன்று முறை தட்டாமல் அவர் ஆரம்பித்ததே கிடையாது. ஒருநாள் நான் பாதியில் மைக்கை மாற்றியபோதும் மறுபடி மூன்று தட்டு தட்டினார். அது என்ன என்றேன்.

அவர் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, "அது டெஸ்டிங்" என்றார்.

காதணி விழா

என் நிலைமைக்கு வாய்த்தது பாருங்கள், அடுத்த வேலை ஒரு காதணி விழா. மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், நல்ல விளைச்சல் கண்ட விவசாயி, பேரப்பிள்ளைகள் இரண்டுக்கும் காது குத்துகிறார். "சந்தோஷமா இருக்கறதுக்குத்தான் பொறந்தோம். மத்ததெல்லாம் சும்மா பேச்சு. எட்டு ஊருக்குக் கேக்கணும், சவுண்ட ஏத்து" என்றார். தோளில் கைபோட்டுப் பேசும் மனிதர் என்பதால் அவரிடமும் கேட்டுவைத்தேன். "நாளைக்கிக் காது போவுதுன்னா இன்னிக்கே நல்லாக் கேட்டுக்க. அவ்ளோதான்" என்று சிரித்தார்.

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் குழாயை எங்கே கட்டச் சொன்னார் தெரியுமா? பிள்ளைகள் உட்காரும் மணைக்கு நேர் மேலே. இதற்குமுன் எத்தனையோ வீட்டில் யோசிக்காமல் கட்டியிருக்கிறேன். அன்று முடியாது என்றேன். பெரியவர் முறைத்தார். பஷீர் பாய் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஏரிப் பக்கம் இருந்த புளியமரத்தில் ஏறி, குழாயை வயல்வெளியைப் பார்த்துத் திருப்பிக் கட்டினார். கடைக்குத் திரும்பியதும் குழாய்கள் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பெட்டி ஸ்பீக்கர் வாங்குவது என்று தீர்மானித்தேன். நானும் இனி தள்ளி உட்காருவேன், பிள்ளைகளும் பிழைக்கும். விழா முடிந்து நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெரியவர் சொன்னது: "ஜனங்களுக்குக் கேட்டுச்சோ இல்லியோ, என் கேப்பைக் கொல்லைக்கு நல்லா கேட்டுச்சி."

மேடையில் சொல்ல முடியாதது

பெருமுக்கல் பக்கத்தில் ஒரு சின்ன சர்ச். ஓலைப் பந்தலில் மூன்று நாள் கூட்டம். புதுப் பெட்டிகளுக்கு அதுதான் முதல் வேலை. உபதேசியார் ஒவ்வொருவரையும் குறித்துக் கர்த்தருக்கு ஒரு திட்டம் இருக்கிறது என்று உருக்கமாகப் பேசினார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசி நாள் நான் ஒயர் சுற்றிக்கொண்டே, என் இடது காதைக் குறித்து என்ன திட்டம் என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

அவர் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வயதில் காய்ச்சலில் போன தன் பையனைப் பற்றிச் சொன்னார். அஞ்சு வருஷமாகிறதாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒயரைக் கீழே போட்டுவிட்டு நானும் உட்கார்ந்தேன். "நானும் தினம் காலையில அவருகிட்ட அதையேதான் கேட்டுக்கினு இருக்கேன். எனக்குத் தெரியாதுங்க. தெரியாதுன்னு மைக்ல சொல்ல முடியல, அதனால உங்ககிட்ட சொல்றேன்" என்றார்.

அணைக்க மறந்த மைக்

கண்டாச்சிபுரம் பக்கத்தில் விவசாயக் கூலிப் பெண்கள் கூலி உயர்வு கேட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். பேச வேண்டியவர்களில் ஒருத்தி அஞ்சலை. என் வயதுதான் இருக்கும். கூட்டத்துக்கு முன்னால் வந்து பெட்டி ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "எனக்குக் காது மந்தம் மைக்செட்டண்ணா. பேசறப்ப என் சத்தம் வருதா இல்லியான்னு எனக்குத் தெரியாது. இப்பிடிக் கை வெச்சா அதிருது, தெரிஞ்சிக்கலாம்" என்றாள்.

எனக்கும் காது போகிறது என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. உரக்கச் சொன்னேன். அவளும் உரக்க, "அப்ப எப்பிடிப் பொழைக்கிற?" என்றாள். தெரியவில்லை, எதற்காக உயிரோடு இருக்கிறோம் என்றே தெரியவில்லை, உனக்குத் தெரியுமா என்று கத்தினேன். அவளும் கத்தினாள்: "நடவு நடறப்ப பாட்டு எனக்குக் கேக்காது. பக்கத்துல கீறவ தோளு ஆடறதப் பாத்து நானும் கூடப் பாடுவேன். எதுக்கு உசுரோட கீறோம்னு நின்னு யோசிச்சா நாத்து காஞ்சிபூடும்ண்ணா."

திரும்பிப் பார்த்தால் முன்னூறு பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெஸ்டிங் பண்ணிவிட்டு மைக்கை அணைக்க மறந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த முதல் வாரத்துக்குப் பிறகு நான் செய்யாத தப்பு. ஆறு மாதம் மூடி மறைத்த விஷயத்தை நானே ஊருக்கு ஒலிபரப்பிவிட்டேன். பஷீர் பாய் மெதுவாக வந்து சுவிட்சை அணைத்துவிட்டு, "பேஜாருதான் அண்ணே. ஆனா கிளியரா கேட்டுச்சி" என்றார்.

தீர்ப்பு

அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் விழுப்புரம் போய்விட்டது. அங்கே ஒரு பட்டிமன்றத்துக்கு மைக்செட் வைக்க எங்களைப் பேசி வைத்திருந்தார்கள். வாழ்க்கைக்குப் பொருள் தருவது துறவா, தொண்டா, இன்பமா என்பது தலைப்பு. ஏற்பாடு செய்த தமிழாசிரியர் கடைக்கே வந்து, தயங்கித் தயங்கி, வேறு ஆளைப் பார்க்கலாமா என்று இருக்கிறோம் என்றார்.

"உண்மைதாங்க. இடது காது கேக்காது, வலது பாதி" என்றேன். முதல்முறையாக அதை ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். சொன்ன பிறகு எனக்குள் பயம் குறைந்திருந்தது. "வேலையை விட்டுத்தர மாட்டேன். முதல் பத்து நிமிஷம் பாருங்க. மைக் ஒருவாட்டி கூவினாலும் நானே ஒயரைச் சுத்திக்கினு போயிடறேன்" என்றேன். என் தொழிலையே பந்தயம் வைத்துச் சொல்கிறேன் என்று அவருக்கும் புரிந்திருக்கும். ஒத்துக்கொண்டார்.

அன்று பெட்டிகளைச் சபை ஓரத்தில் நிறுத்தினேன். நான் மேடைக்குப் பக்கவாட்டில், சபையைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு கை திருகில். கண் முதல் வரிசையில். அங்கே ஒரு அம்மா மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சத்தம் அதிகமானால் குழந்தை நெளியும், குறைந்தால் பின்னால் இருப்பவர்கள் கழுத்தை நீட்டுவார்கள். மைக் கூவப்போகிறது என்றால் அதற்கு முன்பே முதல் வரிசைக்காரர்களின் புருவம் சுருங்கும். பதினைந்து வருஷம் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவனுக்கு இது தெரியாமலே போயிருந்தது. கடைசி வரிசையில் பஷீர் பாய். சரியில்லை என்றால் துண்டைத் தூக்குவார். இன்பக் கட்சிக்காரர் மைக்கை வாய்க்குள் வைத்துக்கொள்கிற மாதிரி பேசியபோது ஒருமுறை புருவங்கள் சுருங்கின. திருகை இறக்கினேன். துண்டு எழவில்லை. குழந்தை விழிக்கவில்லை.

இரண்டரை மணி நேரம். மைக் ஒருமுறைகூடக் கூவவில்லை. தமிழாசிரியர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் கலைந்து ஒயர் சுற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறேழு மாதமாக ஆள் ஆளாகப் பிடித்துக் கேட்ட அதே கேள்விக்கு, நடுவர் என் மைக்கிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். நான் அந்த அம்மா மடியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பாய், கடைசியில எதுன்னு சொன்னாரு? துறவா, தொண்டா, இன்பமா?" என்று கேட்டேன். பஷீர் பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என் வலது பக்கம் வந்து நின்று, "நான் எங்க அண்ணே கவனிச்சேன்? சவுண்டு சரியா வருதான்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றார்.

ஆகவே வாழ்க்கைக்குப் பொருள் எது என்று விழுப்புரத்தில் ஒருநாள் தீர்ப்பு வழங்கப்பட்டதற்கும், அது கடைசி வரிசைவரை பிசிறில்லாமல் கேட்டதற்கும் நான் பொறுப்பு, என்ன தீர்ப்பு என்பதை மட்டும் அன்று வந்தவர்கள் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.