ரோமர் பாலத்துக்குப் போன ஞாயிறு

எண்பதுகளின் நடுவில் சுவிஸின் சோலோதுர்ன் நகரில் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை, வாரத்தில் ஆறு நாள் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஏழாம் நாள் சரித்திர அறிஞர். யாரோ மேசையில் விட்டுப்போன பிரெஞ்சுச் சுற்றுலாப் புத்தகம் ஒன்று அகப்பட்டதிலிருந்து, தென் பிரான்சின் பழைய நகரங்களைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்தார். பிரெஞ்சு அவருக்குத் தெரியாது. படங்கள் போதுமாக இருந்தன.

பிறகு ஒரு பழைய கார் வாங்கினார். ஒரு ஞாயிறு விடிய முன்னரே என்னை எழுப்பினார்.

"வெளிக்கிடு. புத்தகத்தில இருக்கிற, ரோமர் கட்டின பாலத்தைப் பாத்திட்டு இண்டைக்கே திரும்பலாம்."

"எல்லையில மறிப்பாங்களே, அண்ணை?"

"ஞாயிற்றுக்கிழமை மறிக்க மாட்டாங்கள். அவங்களும் மனிசர்தானே."

எங்கள் இருவரிடமும் இருந்தது அகதி விண்ணப்பக்காரருக்குக் கொடுக்கும் அட்டை. அதோடு நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் பாலம் பார்க்கப் போகிறவனை எந்த அரசாங்கம் தடுக்கும் என்பது அவர் வாதம்.

எல்லைக் காவலர் மனிசர்தான். காலை வணக்கம் சொன்னார். அட்டைகளைப் புரட்டிவிட்டு, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அண்ணை புத்தகத்தை விரித்துப் பாலத்தைக் காட்டினார். காவலர் அக்கறையோடு பார்த்தார். தானும் போயிருப்பதாகவும் மிக அழகான இடம் என்றும் சொன்னார். பிறகு காரைத் திருப்புவதற்கு வசதியான இடத்தைக் காட்டினார்.

 திரும்பும் வழியில் முர்ட்டன் என்ற ஊர்ப் பலகையைக் கண்டதும் அண்ணை காரை உள்ளே திருப்பினார்.

"இஞ்சையும் பழைய மதில் இருக்காம்."

மதிலில் ஏறி இருந்து, கொண்டுவந்திருந்த பாணும் கோழிக்கறியும் சாப்பிட்டோம். பஸ்சில் வந்து இறங்கிய பிரெஞ்சு முதியவர்களில் ஒரு அம்மா, அண்ணையின் புத்தகத்தைக் கண்டு நின்றார். படத்தில் விரலை வைத்து, தன் வீடு அந்தப் பாலத்துக்குக் கிட்டத்தான் என்றார். எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு விளங்கும்.

"பாலம் எப்பிடியெண்டு கேள்," என்றார் அண்ணை.

கேட்டேன். சின்ன வயதில் ஒருமுறை பார்த்தாராம். இப்போது ஒரே சனக்கூட்டம், கார் நிறுத்த இடமில்லையாம்.

சொன்னேன். அண்ணை புத்தகத்தை மூடினார்.

"அப்ப நாங்கள் போகாதது நல்லதாப் போச்சு," என்றார். குரல் அப்படிச் சொல்லவில்லை. பிறகு கறிச்சட்டியை அந்த அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். உறைப்பில் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி கை நீட்டினார். அண்ணை காலையிலிருந்து முதன்முறையாகச் சிரித்தார். எனக்கென்று வைத்திருந்த துண்டையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.