வாசலில் கேட்ட அலறல்

பக்கத்து நகரான பிக்கரிங்கில் இருந்த என் அண்ணன் செப்டெம்பரில் மாரடைப்பில் போனார். செத்தவீட்டில் நான் அழவில்லை. அடக்கிக்கொண்டு நின்றேன் என்றில்லை, வரவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தேன். காரை எங்கே விடுவது என்று சொன்னேன்.

"கூடப்பிறந்தவள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை" என்று சின்னம்மா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த கிழமை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைச் சாப்பாட்டு மேசையில் கிடத்தினாள். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக இனிப்பு வாங்க வரும் ஹலோவீனுக்கு அதை வாசலில் நிறுத்தப் போகிறாளாம். ஆள் கிட்ட வந்தால் அது தலையைத் திருப்ப வேண்டும், கண் சிவப்பாய் எரிய வேண்டும், அலற வேண்டும்.

"இந்த வருஷம் வேண்டாம் பிள்ளை. துக்க வீடு" என்றார் என் கணவர்.

"செய்யட்டும்" என்றேன். எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் சர்க்கிட் போர்டுகளுக்கு ஈயம் வைப்பது என் வேலை. ஆகவே வயர் ஒட்டும் வேலை என் தலையில் விழுந்தது. பின்னேரங்களில் பேஸ்மென்றில் இருந்து கண் பல்புகளை ஒட்டினேன். ஆள் வருவதை அறியும் சென்சரை மகள் நெஞ்சுக்கூட்டுக்குள் பொருத்தினாள். கழுத்து மோட்டர் முதலில் தலையை முதுகுப் பக்கம் திருப்பி, அப்படியே இறுகி நின்றது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கழற்றித் திரும்பப் பூட்டினேன்.

மிஞ்சியது குரல். இன்டர்நெற்றில் எடுத்த அலறல் ஒன்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாம் ஃபேக், அம்மா. நீங்கள் ஒருக்கா கத்துங்கோ."

போனை நீட்டினாள். கத்தினேன். இருமல் மாதிரி ஏதோ வந்தது.

"ப்ளீஸ் அம்மா. உண்மையாக் கத்துங்கோ."

கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. நிறுத்தவும் தெரியவில்லை. மேலே இருந்த கணவர் படியில் தடதடவென்று ஓடி வந்தார்.

"என்னப்பா? என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. ரெக்கோர்டிங்" என்றேன். தொண்டை மட்டும் எரிந்தது.

மகள் போனைப் பார்த்தபடி மெல்ல, "அது ஓகே அம்மா. இவ்வளவு காணும்" என்றாள்.

ஹலோவீன் பின்னேரம் முழுக்க நான் சொக்லெற் கிண்ணத்தோடு கதவடியில் நின்றேன். பிள்ளைகள் வர வர எலும்புக்கூடு தலையைத் திருப்பி என் குரலில் அலறியது. அவர்கள் துள்ளி விழுந்து சிரித்தார்கள். தேனீ உடுப்புப் போட்ட ஒரு சின்னப் பெண் பயப்படவே இல்லை. தாயின் கையை உதறிவிட்டு மூன்று தரம் திரும்பி வந்து அந்த அலறலைக் கேட்டாள். தாய் என்னைப் பார்த்து, "இவளுக்கு இது நல்லாப் பிடிச்சிட்டுது" என்றாள்.

"வரட்டும்" என்று இன்னொரு சொக்லெற் கொடுத்தேன்.

எலும்புக்கூட்டைக் கழற்ற ஒருவருக்கும் நேரம் வரவில்லை. சில நாள் கழித்து வேலையால் வந்து படியேறினேன். அலறியது. ஓரடி பின்னால் போனேன், நின்றது. திரும்பக் கிட்டப் போனேன். செத்தவீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தது இதைத்தான் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

மகள் கதவைத் திறந்தாள். "ஏன் அம்மா வெளியிலை நிக்கிறீங்கள்? குளிருது."

உள்ளே போய்ச் சோற்றுக்கு அரிசி கழுவினேன்.