விளக்கு அலமாரிச் சாவியும் மாதம் தவறாத துளியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருடம் யோசித்தேன். மகளின் பழைய பள்ளி நோட்டில் இரண்டு தடவை ஆரம்பித்து, இரண்டு தடவையும் கிழித்துப் போட்டேன். மருமகன் வந்துவிட்ட வீட்டில், பெண்களின் மூன்று நாள் சமாச்சாரத்தை எழுதி வைப்பதா என்று கூச்சம். கோயில் காரியமும் இதில் கலந்திருக்கிறது, தப்பாகிவிடுமோ என்ற பயம் வேறு. நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன், அம்மன் துணை.

என் கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. மாதத்தில் பத்து நாள் ரத்தம் போகும். பாசாரில் மீன் வாங்க நின்றால்கூடக் கண் இருட்டிக்கொண்டு வரும். கடைசியில் ஆபரேஷன்தான் என்று முடிவானது. முந்தின நாள் டாக்டரம்மா, சீனப் பெண்மணி, எனக்காக மலாயில் பொறுமையாகச் சொன்னார். என் இரண்டு பிள்ளைகளும் வயிற்றைக் கிழித்துப் பிறந்தவர்கள், அதனால் கர்ப்பப்பையின் அடிப்பக்கம் மூத்திரப்பையோடு ஒட்டிப் போயிருக்கிறது, மேல் பகுதியை எடுத்துவிட்டு வாய்ப் பகுதியை அப்படியே விட்டுவிடப் போகிறோம் என்றார். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். நான் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் என் மனசில் நின்றது ஒன்றுதான்: எடுத்துவிடுவார்கள். இனி ஒன்றும் இல்லை.

உடம்பு தேறிக் கோயிலுக்குப் போன அன்றைக்கே அந்தச் சாவி என் கைக்கு வந்தது. எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் செய்யும் விளக்கு பூசை உண்டு. விளக்குகள், திரிக் கட்டு, எண்ணெய் எல்லாம் அம்மன் சன்னதியை ஒட்டிய அலமாரியில் இருக்கும். சாவி ஒன்றே ஒன்று. மாதம் நின்றுபோன பெண்தான் அதை வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் எந்த வெள்ளியும் தடைபடாது என்பது எங்கள் மகளிர் குழுவின் வழக்கம். அதுவரை வைத்திருந்த மூத்த அக்காவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது.

"இந்தா பிடி. நாப்பத்திநாலு வயசுலயே உனக்குப் பிரமோஷன் கிடைச்சிருச்சு லா!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி என் கையில் வைத்தார். நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வீட்டில் மிச்சமிருந்த பேடுகளை எல்லாம் மகளிடம் கொடுத்துவிட்டேன். சாவியைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன்.

மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அலமாரி முன்னால் உட்கார்ந்து விளக்குகளில் திரி போட்டுக்கொண்டிருந்தேன். அடிவயிற்றில் எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பழைய இழுப்பு. பின்பக்கக் கழிவறைக்குப் போய்ப் பார்த்தால், ஐம்பது காசு அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுத்துப் போட்ட உறுப்பிலிருந்து எப்படி வரும்? திரும்ப உள்ளே போகக் கால் வரவில்லை. வெளி மண்டபத்தில் இருந்த அக்காவிடம் "தலை சுத்துது அக்கா" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அம்மன் முன்னால் தீட்டோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ என்ற நினைப்பில் அன்று சாதம் இறங்கவில்லை.

இரண்டு நாளில் நின்றது. சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் மறுபடி வந்தது. துளி, துளி, அவ்வளவுதான். சமையலறையில் தொங்கும் தமிழ்க் காலண்டரில், வந்த தேதிகளில் பென்சிலால் சின்னப் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். அந்த நாட்களில் வெள்ளிக்கிழமை வந்தால் கோயிலுக்குப் போகாமல் இருக்க ஏதாவது சாக்கு.

என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. ஜுருவில் தொழிற்சாலை வேலை அவருக்கு. தினமும் கடல் பாலம் தாண்டி அக்கரைக்குப் போய் வருகிற மனுஷனுக்கு இது ஒரு கவலையா என்று நினைத்தேன். ஆனால் அடக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்களுக்கு" என்று ஆரம்பித்துக் கேட்டு வைத்தேன். பத்து நாளில் அந்தக் கதை கோயிலுக்கே வந்து சேர்ந்தது. பூக் கட்டிக்கொண்டே ஒருத்தி சொன்னாள், "கேட்டீங்களா, யாரோ ஒரு பொம்பளைக்குக் கர்ப்பப்பை எடுத்தும் ரத்தம் வருதாம். உள்ள பாதியை மறந்துட்டாங்களாம். இப்ப அது புத்துநோயாம், மூணு மாசம்தானாம்."

அந்தப் பொம்பளை நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் அது என் வாயிலிருந்து கிளம்பிய கதைதான் என்பது மறந்துபோயிற்று. மூன்று மாதம் என்று கேட்டதும் மகளின் கல்யாணம்தான் கண்ணில் வந்து நின்றது. அப்போது பெண் கேட்டுக்கூட யாரும் வரவில்லை. பூ நாரில் முடிச்சுப் போட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூட்டுவலி என்று அடுத்த சாக்கு சொல்லப் போனபோது மூத்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு மூட்டுவலி தினமும் வருது. உனக்கு மட்டும் மாசத்துக்கு ஒரு தடவைதான் வருதா? நல்ல மரியாதை தெரிஞ்ச வலியா இருக்கே!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஞாயிறு தோறும் தூண்டில் போடப் போகிறவர். கடல் நீர் ஏறுகிற நேரத்தை அதே காலண்டரில்தான் பேனாவால் குறித்து வைப்பார்.

"அழுவுறியா? என்னம்மா?" என்றவர், என் பென்சில் புள்ளிகளைக் காட்டினார். "இது என்னா கணக்கு? சமையல் கேஸ் தோங் மாத்துற நாள்னுல்ல நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டேன். புற்றுநோய்க் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் திட்டவில்லை. காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டி ஒரு பாசார் பிளாஸ்டிக் பையில் போட்டார். "நாளைக்கு நான் லீவு. இதை அந்த டாக்டர்கிட்டயே காட்டு" என்றார்.

டாக்டரம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபத்தெட்டு நாள், இருபத்தேழு, மறுபடி இருபத்தெட்டு. "பண்டாய்" என்றார் என்னைப் பார்த்து. கெட்டிக்காரி என்று அர்த்தம். பரிசோதித்துவிட்டு, வாய்ப் பகுதியிலிருந்து சோதனைக்குக் கொஞ்சம் துடைத்து எடுத்தார். பிறகு ஸ்கேன். கூட இருந்த தமிழ் நர்ஸ், மிஸ்ஸி என்போம், அவர் மலாயில் சொல்வதைத் தமிழில் எனக்குச் சொன்னாள்.

"கர்ப்பப்பை மேல் பாதி இல்லக்கா. ஆனா முட்டைப்பை ரெண்டும் உங்களுக்கு அப்படியே இருக்கு. அதுங்க மாசாமாசம் உடம்புக்குச் சேதி, தாக்கல் அனுப்பிக்கிட்டே இருக்கும். விட்டு வச்ச வாய்ப் பகுதி மேல பழைய உள்தோல் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு. அது மட்டும் அந்தத் தாக்கலைக் கேட்டு நடக்குது. ஆபரேஷனுக்கு முன்னாடியே சொன்னேன்னு டாக்டர் சொல்றாங்க."

"எவ்ளோ இருக்கும் அது?"

மிஸ்ஸி தன் சுண்டு விரல் நகத்தைக் காட்டினாள்.

டாக்டரம்மா திரையில் ஒரு கறுப்பு வட்டத்தைச் சுட்டினார். சின்னத் திராட்சை அளவு இருக்கும்.

"இந்த மாசத்து முட்டை வளருதாம்" என்றாள் மிஸ்ஸி.

"யாருக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். "யாருக்கும் இல்லக்கா. அது பாட்டுக்கு அது வேலையைப் பார்க்குது."

நான் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமல், என்னைக் கேட்காமல், பன்னிரண்டு வயதிலிருந்து இப்படி ஒன்று நாள் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறது. பிள்ளை தங்கும் இடத்தையே எடுத்தாயிற்று. அதற்கு யாரும் தகவல் சொல்லவில்லை. நான் பயந்து பயந்து வைத்த புள்ளிகள் அத்தனையும் அது வைத்த புள்ளிகள்தான். ஒரு நகத்தளவுத் தோல், ஒரு மாதம்கூட மறக்காமல் பதில் சொல்லியிருக்கிறது. கோயிலில் எத்தனையோ தீபாராதனை பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் போல் உடம்பு சிலிர்த்தது இல்லை. படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அக்கா, மெஷினையா கும்பிடுறீங்க?"

"மெஷினை இல்லம்மா" என்றேன்.

சோதனை முடிவு வர மூன்று வாரம் ஆனது. நல்லபடியாக வந்தது. டாக்டரம்மா சொன்னதை மிஸ்ஸியிடம் திரும்பத் திரும்பக் கேட்டு மனசில் ஏற்றிக்கொண்டேன். இப்படித் துளி வருவது எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு உண்டு. மெல்லிய பேட் ஒன்று போதும், தேதியைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். ரொம்பத் தொந்தரவு என்றால் மருந்து உண்டு, அந்தத் தோலை எடுக்கவும் வழி உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் முதல் தடவை வந்ததுமே வந்து காட்டியிருக்க வேண்டும், இத்தனை மாதம் ஒளித்தது தப்பு என்று கடிந்துகொண்டார். வாய்ப் பகுதி இருக்கிறவரை, கர்ப்பப்பைதான் எடுத்தாயிற்றே என்று பேப் ஸ்மியர் என்ற புற்றுநோய்ச் சோதனையை விடவே கூடாதாம். அதிகமாகப் போனாலோ, வாடை அடித்தாலோ, புருஷனோடு சேர்ந்த பிறகு வந்தாலோ, வயதாகி நின்றுபோன பிறகு திரும்ப வந்தாலோ, யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

இனி மிச்சம் சாவி.

அடுத்த வெள்ளி, வெளி மண்டபத்தில் அக்காவின் மடியில் அதை வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவை தீட்டோடு சன்னதியில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"தெரிஞ்சா உக்காந்த?"

"இல்லக்கா."

"பின்ன என்னா? ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்கே வளையல் அடுக்கி, சடங்கு சுத்தி, புட்டு அவிச்சு வைக்கிறோம். அவளுக்குத் தெரியாத சமாச்சாரமா இது?" சாவியைத் தூக்கிப் பார்த்தார். "இதைத் திருப்பிக் குடுத்துட்டா நான் மறுபடியும் குனியணுமா? போடி. சாவிக் கடையில இன்னொண்ணு வெட்டு. உனக்கு அந்த நாள்ல நான் வரேன், விளக்கை மட்டும் நீ முன்னாடியே தேய்ச்சு வச்சிட்டுப் போ."

கொஞ்சம் தள்ளிப் பூக் கட்டிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு மூன்று மாதக் கதை சொன்னாளே அவள்தான், நாரைக் கீழே வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள். "அக்கா, எனக்கும் எடுத்து ஒன்னரை வருஷம் ஆச்சு. எனக்கும் வருது. அந்தக் கதையைக் கேட்டதுலேர்ந்து நான் தூங்கல."

அடுத்த வாரம் அவளை நானே கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு வேறு ஆபரேஷன், காரணமும் வேறு, வைத்தியமும் வேறாக இருந்தது. நேரத்தோடு போனதால் நன்றாக இருக்கிறாள். இன்றைக்கு இரண்டாவது சாவி அவளிடம் இருக்கிறது.

வயதாகிறது, என் புள்ளிகள் இப்போது தள்ளித் தள்ளி விழுகின்றன. காலண்டரை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கறுப்பு வட்டம் நினைவுக்கு வருகிறது.

படிக்கிற சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். பயத்தைச் சேர்க்க வேண்டாம். ஒன்றும் ஆகாது என்று என் பெயரில் தைரியமும் சேர்க்க வேண்டாம். நான் ஒரு வரி சொல்லி, அது பத்து நாளில் என்னவாகத் திரும்பி வந்தது என்று பார்த்தீர்கள். அதைக் கேட்டு ஒருத்தி தூங்காமல் இருந்தாள். டாக்டரிடம் போய்க் காட்டினேன் என்ற அந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.