சத்யபிரியாவின் பன்னிரண்டு ஜோடி

திருக்கோகர்ணத்தில் சத்யபிரியா வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். ‘செருப்புக்கார இன்ஜினியர்’ வீடு என்று கேட்டால் ஆட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போவார். கேலிக்கு வைத்த பெயர்தான். நாலு வருடம் இன்ஜினியரிங் படித்த பெண் செருப்பு செய்கிறாள் என்றால் நம் சனம் சும்மா விடுமா? அவள் அம்மா இரண்டு வருடமாகச் சொந்தக்காரர் கல்யாணத்துக்கே போகவில்லை. போனால் பந்தியில் எவளாவது கேட்பாள், ‘பொண்ணு இன்னும் செருப்புத்தான் தைக்குதா?’ என்று.

இதற்கு முன்னால் அவள் திருச்சியில் ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடம். கெட்டிக்காரி. அந்த வேலைக்காக அறுவைசிகிச்சை வார்டுக்குப் போன ஒருநாள்தான் அந்த மனிதரைப் பார்த்தாள். உள்ளங்காலில் இரும்பு ஆணி ஏறி, மூன்று நாள் அதோடேயே நடந்திருக்கிறார். அவருக்கே தெரியாது. சர்க்கரை முற்றியவர்களுக்குக் கால் மரத்துப்போகும், நெருப்பை மிதித்தாலும் உறைக்காது. புண் வரும், அழுகும், கடைசியில் காலையே எடுப்பார்கள். புண் வெளியே தெரிவதற்குப் பல நாள் முன்பே அந்த இடம் சூடாகிவிடும் என்று ஒரு டாக்டர் சொன்னார். அந்தச் சூட்டைச் செருப்பே கண்டுபிடித்துச் சொன்னால் என்ன? இந்த ஒரு கேள்விக்காகச் சத்யபிரியா மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். அவளுக்குப் பூசாரியும் கொடுத்தார். சின்னத் தொழில் செய்கிறவர்கள் மருத்துவத்துக்குப் புதிதாக எதையாவது செய்தால் மானியம் தருகிற அரசுத் திட்டம் ஒன்று இருந்தது. நாற்பத்து மூன்று பக்கம் விண்ணப்பம் எழுதினாள். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், மூன்றாம் முறை முதல் கட்டப் பணம் வந்தது. பன்னிரண்டு ஜோடி செய்து, பன்னிரண்டு நோயாளிகளுக்குக் கொடுத்து, ஆறு மாதம் சோதித்துக் காட்ட வேண்டும். காட்டினால் இரண்டாம் கட்டம், இருநூறு ஜோடி. காட்டாவிட்டால் அதோடு சரி.

ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாள். ஆவூரிலிருந்து பஸ்ஸில் வரும் இசைவாணி தையலுக்குச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிகளில் சர்க்கரைக்காரர்களுக்குத் தருகிற மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்புதான், அதன் அடியில் சத்யபிரியா சூடு பார்க்கும் சென்சார்களை வைத்தாள். ஒரு காலில் ஓரிடம் மற்றக் காலைவிடச் சூடானால் செருப்பு கத்தும். எத்தனை அடி நடந்தார்கள் என்பதையும் எண்ணி வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டு நேரில் போய்த் தன் போனில் கணக்கை இறக்கிக்கொள்வாள்.

பன்னிரண்டு பேரில் ஒருவர் வீரய்யா. குடுமியான்மலைக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் கடலைக் கொல்லை, நாலு ஆடு, பதினாலு வருடச் சர்க்கரை. செருப்பை வாங்கிக்கொள்ள மனைவி அழகியோடு கொட்டகைக்கு வந்தார். விதிப்படி, கையெழுத்து வாங்கும் முன் ஒப்பந்தத்தை வாசித்துக் காட்ட வேண்டும். சத்யபிரியா எதையும் விதிப்படி செய்கிறவள். பன்னிரண்டு பேரையும் உட்காரவைத்து நிறுத்தி நிதானமாக வாசித்தாள்: இது அரசு நிதியில் செய்த பொருள். சேதப்படுத்தக் கூடாது. திட்டம் முடிந்ததும் நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும்.

“அதெல்லாம் பத்திரமா வச்சுக்குவோம்த்தா” என்றார் வீரய்யா. “கவர்மெண்டு சாமானாச்சே.”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். எவ்வளவு பொறுப்பான மனிதர்கள் என்று சத்யபிரியாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதல் மாதக் கணக்கை இறக்கி அவள் இரண்டு முறை பார்த்தாள். மாதம் முழுக்கச் சேர்த்தே நாற்பது அடி. விடிந்தால் கொல்லை, அடைந்தால் வீடு என்று அலைகிற வீரய்யா நாற்பது அடியா? பன்னிரண்டு ஜோடியிலும் ஏறக்குறைய அதே எண்தான்.

“ஐயா, தினமும் போடுறீங்கதானே?”

“போடுறேன்த்தா. போடாம? சும்மா பஞ்சு மாதிரி இருக்கு.”

மற்றப் பதினொரு பேரும் அதையே சொன்னார்கள். அப்படியானால் கோளாறு செருப்பில்தான். சத்யபிரியா சென்சாரை மாற்றினாள், பேட்டரியை மாற்றினாள், போர்டையே புதிதாக வரைந்தாள். கொட்டகையில் அவளே போட்டு நடந்தால் சரியாக எண்ணிய செருப்பு, ஊருக்குப் போனதும் மறுபடி நாற்பதில் நின்றது. மூன்றாம் மாதம் அவள் சரியாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். தனக்கு வேலையே தெரியாதோ என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. அதுவரை வாழ்க்கையில் அவளுக்கு வராத பயம் அது ஒன்றுதான்.

பழுது பார்க்க வந்திருந்த வீரய்யாவின் ஜோடியை ஒருநாள் இசைவாணி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அக்கா, தெனம் போட்டா வாரு இளகிருக்கும். இது நான் தச்சுக் குடுத்த மாதிரியே வெறப்பா இருக்கு.”

“சுத்தமா வச்சிருக்காரு இசை. அவரே சொல்றாரு, தினமும் போடுறேன்னு. அவரு என்ன பொய்யா சொல்லுவாரு?”

இசைவாணி ஜோடியை மேசையில் வைத்துவிட்டுத் தையலுக்குத் திரும்பினாள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், இன்ஜினியரோடு எதற்கு மல்லுக்கட்டுவாள்?

ஐந்தாம் மாதம் சத்யபிரியா குடுமியான்மலைக்குப் போனாள். வீரய்யா செருப்பைப் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் தயாராக உட்கார்ந்திருந்தார். அவள் போனை எடுத்த நேரம் வலது செருப்பு கத்தியது. சுண்டுவிரலுக்குக் கீழே சூடு என்று போனிலும் சிவப்பாகக் காட்டியது. அவள் பதறிப்போய் அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தாள். பாளம் பாளமாக வெடித்த தோல். புண் இல்லை, வீக்கம் இல்லை. கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தினாள்.

“வலிக்குதாங்கய்யா?”

“ஒண்ணுமே இல்லத்தா.”

மரத்துப்போன காலை அழுத்திவிட்டு வலிக்கிறதா என்று கேட்டால் அந்த மனிதர் வேறு என்ன சொல்வார்? உலகத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாத ஒருத்தி இருந்தால் அவள் சத்யபிரியாதான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது என்பதற்காகத்தான் செருப்பையே செய்தாள். ஆனால் ஐந்து மாதமாக அடிகளை எண்ணத் தெரியாத மெஷின், சூட்டை மட்டும் சரியாகவா சொல்லிவிடும்? இதுவும் கோளாறு என்று முடிவுகட்டினாள். சத்தத்தை அணைத்தாள். செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்து சென்சாரை மாற்றி, ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த கட்டப் பணத்துக்காக மெட்ராசுக்குப் போகப்போவதையும் அப்போது அவரிடம் சொன்னாள்.

அடுத்த மாதம் சென்னையில் மதிப்பீட்டுக் கூட்டம். நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் இருந்தவர் வயதானவர், கடுமையாகப் பேசக்கூட இல்லை. கணக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இவங்க ஒரு மாசத்துக்கே நாற்பது அடிதான் நடக்கிறாங்களாம்மா?”

“இல்லை சார். அது சென்சார் கோளாறு.”

“ஆள்கள் தினமும் போடுறாங்களான்னு உறுதியாத் தெரியுமா உங்களுக்கு?”

தப்பிக்க ஒரு வாசலை அந்த மனிதர் திறந்து வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சத்யபிரியா அதைத் தன் கையாலேயே சாத்தினாள்.

“உறுதியாத் தெரியும் சார். பன்னிரண்டு பேரையும் எனக்கு நல்லாத் தெரியும். பொய் சொல்ற ஆளுங்க இல்லை.”

ஆறு மாதமாக அடிகளை எண்ணத் தெரியாத கருவிக்கு இரண்டாம் கட்டம் எப்படிக் கொடுப்பார்கள்? பத்தாம் நாள் மெயில் வந்தது. வருந்துகிறோம் என்று ஒரு வரி. கருவிகள் அனைத்தையும் திரும்பப் பெற்று ஒப்படைக்கவும் என்று இன்னொரு வரி. அவள் கொட்டகைச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். இசைவாணியிடம், வேறு வேலை பார்த்துக்கொள் என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செருப்புகளைத் திரும்ப வாங்க முதலில் போனது வீரய்யா வீட்டுக்குத்தான். அவர் இல்லை. அழகி ஒரு கூடையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சத்யபிரியாவைப் பார்த்ததும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்துப் பன்னிரண்டு நாள் ஆகிறதாம். கொல்லையில் வெறுங்காலோடு நடந்ததில் வலது காலில் சுண்டுவிரலுக்குக் கீழே கருவேல முள் ஒடிந்து உள்ளேயே தங்கியிருக்கிறது. நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

“வெறுங்காலோடயா? செருப்பு என்னாச்சும்மா?”

அழகி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தாள். கவருக்குள் ஒரு ஜோடி செருப்பும் இரண்டு அந்துருண்டையும் இருந்தன.

“இந்தா இருக்குத்தா. ஒரு கீறல் இல்ல. நீ வர்ற அன்னைக்குக் காலையில எடுத்துக் குடுப்பேன். போட்டுக்கிட்டு வாசல்ல இங்கிட்டும் அங்கிட்டும் ரெண்டு நடை நடப்பாக. நீ போனதும் தொடச்சு உள்ள வச்சிருவேன். சேதாரம் ஆகக் கூடாது, நல்லபடியாத் திருப்பிக் குடுக்கணும்னு நீதானத்தா வாசிச்சே?”

சத்யபிரியா கவரை வாங்கிக்கொண்டாள். “பெறகு ஏம்மா தினமும் போடுறேன்னு சொன்னாரு?”

“அம்புட்டு வெயில்ல வந்து கேக்குற புள்ளைகிட்ட, போடலைன்னு எப்படிச் சொல்றது? ஒனக்கு மேல இருக்கவுக ஒன்னையத் திட்டிப்புட்டா? அந்தப் புள்ளைக்கு நம்மளால கெட்ட பேரு வந்துறக் கூடாதுன்னுதான் சொல்லுவாக.”

மற்றப் பதினொரு வீட்டிலும் இதே பீரோ, இதே கவர்தான் என்று சத்யபிரியாவுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. நாற்பது அடி சரியான கணக்கு. அந்தச் சிவப்பும் சரியான சிவப்பு. அவள் செய்த மெஷின் ஒரு நாள்கூடப் பொய் சொல்லவில்லை. காலைக் காப்பாற்ற ஒரு மாதம் அவகாசம் கொடுத்துக் கத்தியிருக்கிறது, அவள்தான் வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஆணியோடு நடந்தவரைப் பார்த்து மனம் பதறி வேலையை விட்டவள், வீரய்யாவின் காலை மடியில் வைத்துக்கொண்டே கைவிட்டுவிட்டாள். இதைச் சொல்லி அழ ஓர் ஆள்கூட இந்த உலகத்தில் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அழகியோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டில் வீரய்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே படிந்து கிடந்தது.

“வாத்தா. வெயில்ல வந்தியா? அழகி, புள்ளைக்குத் தண்ணி குடு.”

“என்னை மன்னிச்சிருங்கய்யா.”

“ஏ, நீ என்ன பண்ணுவே? முள்ளு குத்துனதுக்கு நீ என்ன பண்ணுவே?” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அத விடு. மெட்ராசுக்குப் போனியே, என்ன சொன்னாக? அடுத்த பணம் குடுத்துட்டாகளா?”

சத்யபிரியா அவர் முகத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நாளாக அந்த மனிதர் காத்துக்கொண்டிருந்த நல்ல சேதி அது ஒன்றுதான் என்று தெரிந்தது. வீரய்யா தன்னிடம் ஏன் பொய் சொன்னார் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

“குடுத்துட்டாங்கய்யா. இருநூறு ஜோடி.”

வீரய்யாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைக் கையைத் தட்டிக் கூப்பிட்டார். “நான் சொன்னேன்ல, செருப்புக்காரப் புள்ள, இதுதான். கவர்மெண்டே பணத்தக் குடுத்து ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்கச் சொல்லிருக்கு. ஒங்களுக்கும் ஒரு ஜோடி கேளுங்க. எனக்குத்தான் இனிமே ஒத்தக் காலு.”

பக்கத்துக் கட்டில்காரருக்கு இடது காலில் இரண்டு விரல் ஏற்கெனவே இல்லை. கட்டுப் போட்டிருந்தார்கள். அவர் கட்டிலில் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்.

“எனக்கும் ஆகுமாத்தா? எப்பக் கிடைக்கும்?” என்று கேட்டுவிட்டு, போர்வையை விலக்கிக் காலை அவள் பக்கம் நீட்டினார்.

வீரய்யா சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்யபிரியா கைப்பையைத் திறந்து டேப்பை எடுத்தாள். குனிந்து, குதிகாலிலிருந்து அந்தக் காலை அளக்க ஆரம்பித்தாள்.