கதவில் செய்த படகு

குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலைக்குப் புதுத் தார் போடுகிறார்கள். பேருந்து நின்றதும் அந்த வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டேன். எனக்கு அது அப்பாவின் படகு வாடை.

அச்சன்புதூரில் குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்த அப்பா, படகு வாங்க வழியில்லாமல், எங்கள் வாசல் கதவையும் கட்டில் பலகைகளையும் கழற்றித் தானே ஒன்று செய்தார். இடுக்குகளில் கடையநல்லூர்த் தறிகளின் கழிவு நூலைத் திணித்துத் தார் பூசினார். துடுப்பும் வலையும்கூடத் தயாராகிவிட்டன. மழைதான் வரவில்லை. குளம் வெடித்துக் கிடந்தது.

மரப்படகு காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு விட்டுவிடும். அதனால் முற்றத்தில் கற்கள்மேல் தூக்கி வைத்திருந்த படகுக்குள் தினமும் தண்ணீர் ஊற்றி வைத்தோம். கிணறு வற்றிய பிறகும் அப்பா விடவில்லை.

"ஏட்டி, அந்தக் குடத்தையும் ஊத்து."

"பிள்ளையளுக்குக் குடிக்க வச்சிருக்கேன். இதையுமா கேக்குதிய?" என்றாள் அம்மா.

"நாளைக்கே மழை வந்துட்டா? படகு வாயப் பொளந்து கிடந்தா எதை வச்சுப் பொழைக்க?"

அம்மா குடத்தைப் படகுக்குள் கவிழ்த்தாள். தண்ணீர் நிற்கவே இல்லை. எல்லா இடுக்கிலும் ஒழுகியது. அப்பா மண்ணில் படுத்து, இரண்டு கைகளாலும் பொத்திப் பார்த்தார். முடியவில்லை. என்னையும் தம்பியையும் பார்த்துக் கத்தினார்:

"ஓடியாங்கலே, ஒழுகுததையாவது குடிங்க!"

படகுக்கு அடியில் வாயை வைத்துக் குடித்தோம்.

பேருந்து கிளம்பிவிட்டது. பையிலிருந்த பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். தார் கசந்தது.