பழுதில்லாத ரீடு

முத்தாபுதுப்பேட்டையில் என் படிப்புக்கு ‘காலால வாசிக்கிற படிப்பு’ என்று பெயர். “இன்னா பாப்பா, காலுல வாசிக்கக் கத்துக்கினியா?” என்று பஸ் நிறுத்தத்தில் யாராவது கேட்பார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்ப்பேன். இது இசையில் பட்டப்படிப்பு, ஆர்கன் வாசிப்புதான் என் முதன்மைப் பாடம் என்றெல்லாம் இவர்களுக்கு விளக்கி என்ன ஆகப்போகிறது என்று ஒரு திமிர். எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. அந்தத் திமிர் செய்த வேலையை ஐம்பது வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

கல்லூரி நகரத்துக்குள் இருந்தது. ஆவடியில் ரயிலேறிப் போய் வருவேன். கல்லூரி ஆலயத்தில் இருந்த குழல் ஆர்கனில் கைக்கு இரண்டு வரிசைக் கட்டைகள், காலுக்கு முப்பது மரக்கட்டைகள். காற்றை ஒரு மோட்டார் ஊதிவிடும். விசையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் காற்றைப் பற்றிக் கவலையே இல்லை. இடது கை ஒன்று, வலது கை ஒன்று, கால் ஒன்று என்று மூன்று வரி இசை நோட்டையும் பார்த்தபடி வாசிக்க வேண்டியதுதான். வீட்டில் கருவி கிடையாது. சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கால்கட்டைகளை வரைந்து, மேலே ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் மணிக்கணக்காகப் பழகுவேன். அம்மா தரையைத் துடைக்கும்போதெல்லாம் கீழ் ஸ்தாயி முழுக்க அழிந்துபோகும். அதற்கு அம்மாவிடம் நான் போட்ட சண்டைகள் வேறு கதை.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபையில் நாற்பது குடும்பங்கள் இருந்தால் அதிகம். எங்கள் தாத்தாக்கள் காலம்வரை எல்லாரும் அடுத்தவர் கழனியில் கூலிவேலை செய்தவர்கள். அப்பாக்கள் காலத்தில் தொழிற்சாலைக்குப் போனார்கள். அதனால் ஒரு பெண் கல்லூரிக்குப் போய் ஆர்கன் படிக்கிறாள் என்பது என் வீட்டுப் பெருமை மட்டுமல்ல. நான் எழுதிய ஒவ்வொரு பரீட்சையின் முடிவையும் போதகர் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் வாசித்தார். அப்பா அப்போது தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

ஆலயத்தில் ஒரு பழைய கால் ஆர்மோனியம் இருந்தது. பெட்டி என்றுதான் சொல்வோம். கீழே இரண்டு மிதிகள். இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருந்தால்தான் காற்று. அதை வாசித்தவர் ஒரு ஃபிட்டர், அப்பாவின் தொழிற்சாலையில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. அப்பாவுக்குச் சிநேகிதர். எனக்கு மாமா. அவருக்கு நோட்டு படிக்கத் தெரியாது. பெண்கள் பக்கமிருந்து யாராவது ஒரு கீர்த்தனையைத் தொடங்குவார்கள், அவரவர் தொண்டைக்கு எட்டிய சுருதியில். அவர் தலையைக் கொஞ்சம் சாய்ப்பார். முதல் சொல் முடிவதற்குள் பெட்டியில் அந்தச் சுருதி வந்திருக்கும். இருபது வருடமாக அப்படித்தான் வாசித்தார்.

நான் அதைக் கேட்டு முகம் சுளிப்பேன். இடது கையால் எல்லாப் பாட்டுக்கும் ஒரே இரண்டு கட்டைகளைப் பிடிப்பார். “மாமா, அந்த எடத்துல அது வரக்கூடாது, தப்பு” என்று ஒருமுறை நாலு பேர் முன்னால் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “படிச்ச பொண்ணு சொல்ற, சரியாத்தான் இருக்கும். எனக்கு இன்னா தெரியும், காது சொல்றத வாசிக்கிறேன்” என்றார்.

நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது அவர் மனைவி இறந்துபோனார். நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு சனிக்கிழமை காலையில். பிற்பகலில் அடக்க ஆராதனை. பெட்டியை ஆலயத்துக்குள் முன்பக்கம் வைத்திருந்தார்கள். அந்த வார்த்தை இரண்டுக்கும் ஒன்றாக இருப்பதால் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்: சவப்பெட்டிக்கும் ஆர்மோனியத்துக்கும் நடுவே ஆறடி இருக்கும். மாமா என்னிடம் வந்தார்.

“பாப்பா, என்னால முடியாது. அவளுக்குப் புடிச்ச பாட்டு ஒண்ணு மட்டும் நீ வாசிச்சிடு.”

அந்தக் கீர்த்தனை எனக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பிருந்தே தெரியும். யோசிக்காமல் போய் உட்கார்ந்தேன். பெண்கள் தொடங்கினார்கள். எந்தச் சுருதியில் தொடங்கினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு கட்டையை அழுத்தினேன், அது இல்லை. பக்கத்துக் கட்டை, அதுவும் இல்லை. அதற்குள் பாட்டு இரண்டாம் வரிக்குப் போய்விட்டது. தாளில் எழுதி வைத்திருந்தால் மூன்று வரியையும் பார்த்தவுடன் வாசிப்பேன். தாள் இல்லை. தொண்டைக்குத் தெரிந்த பாட்டு விரலுக்குத் தெரியவில்லை.

பதற்றத்தில் கால் இன்னொரு காரியம் செய்தது. மூன்று வருடப் பழக்கம், இடது கால் மிதியை விட்டுவிட்டுத் தரையில் இல்லாத கட்டையைத் தேடிப் போனது. மிதிக்காத பெட்டியில் காற்று எங்கிருந்து வரும்? சத்தம் இறங்கி, ஒரு முனகலாகி, நின்றுபோனது. பாடிக்கொண்டிருந்தவர்களும் என்ன ஆயிற்று என்று நிறுத்தினார்கள். சபை முழுக்க என்னைப் பார்த்தது. முதல் வரிசையிலிருந்து மாமாவும் பார்த்தார்.

‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். அழுதிருந்தால்கூடத் துக்கம் என்று நினைத்திருப்பார்கள். நான் எழுந்து நின்று, வாய் கூசாமல், “பெட்டி சரியில்ல. காத்து நிக்கல, ரீடும் சுருதி எறங்கிக் கெடக்குது” என்றேன்.

போதகர் தலையாட்டினார். பெட்டி இல்லாமலே பாடி முடித்தார்கள். கல்லறைக்குப் புறப்படும்போது மாமா என் பக்கத்தில் வந்து, மெதுவாக, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்: “நாலு மாசமா ஆஸ்பத்திரியே கதின்னு இருந்துட்டேன் பாப்பா. பெட்டியப் பாக்காம உட்டுட்டேன். அவ பாட்டுக்கே இப்படி ஆயிடுச்சு பாரு.”

மனைவியைப் புதைக்கப் போகிற மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் “பரவாயில்ல மாமா” என்றேன். மன்னித்துவிட்டேனாம்!

அடுத்த சனிக்கிழமை அவர் பெட்டியைப் பிரித்தார். துருத்தியை வெளியே எடுத்து, எங்கே ஓட்டை என்று விளக்கின் சுடரை ஓரம் ஓரமாகக் காட்டிப் பார்த்தாராம். ஓட்டை இல்லை. இருந்தும் மடிப்புகளில் புதுத் தோல் ஒட்டினார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். “துருத்திய முடிச்சிட்டேன். ரீடு ஒண்ணு எறங்கிக்கீதுன்னியே, எதுன்னு வந்து காட்டு. எனக்குத் தெரியல.”

அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். போனேன். மாமா ஒவ்வொரு கட்டையாக அழுத்தினார். எல்லாம் சரியாக இருந்தன. நடுவில் ஏதோ ஒன்றில், இதற்கு மேல் பேசாமலிருந்தால் மாட்டிக்கொள்வேன் என்று பயந்து, “இதுதான்” என்றேன்.

அவர் அதைத் திரும்ப அழுத்தினார். பக்கத்துக் கட்டையோடு சேர்த்து அழுத்தினார். தலையைச் சாய்த்தார்.

“எனக்கு நல்லாத்தானே கேக்குது.”

“கொஞ்சம் எறங்கியிருக்கு மாமா.”

“அப்படியா?” என்றார். சுண்டுவிரலால் காதைக் குடைந்துவிட்டு, “நாள் பூரா பிரஸ் சத்தம். காது மந்தமாயிருக்கும்போல” என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சமாதானம் எனக்கு வசதியாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ரீடு என்பது ஒரு சின்னப் பித்தளை நாக்கு. அதன் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். அவர் ஃபிட்டர், அரம் பிடிப்பதில் கெட்டிக்காரர். நாக்கை வெளியே எடுத்து, துணியில் வைத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுனியைத் தேய்த்தார். இரண்டே இழுப்பு. திரும்பப் பொருத்தினார், மிதித்தார், அழுத்தினார்.

கேட்கச் சகிக்கவில்லை. மற்ற கட்டைகளுக்கு மேலே அது தனியாகக் கீச்சிட்டது. அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அவருக்குக் கேட்டது. துல்லியமாகக் கேட்டது. ஆனால் அவர் என் முகத்தைத்தான் பார்த்தார்.

“இப்போ எப்டி கீது பாப்பா?”

சொல்ல அதுதான் கடைசி இடம். சொல்லியிருந்தால் அடியைச் சுரண்டிப் பழைய சுருதிக்குக் கொண்டுவந்திருப்பார். என் மானம் கொஞ்சம் போயிருக்கும், அவ்வளவுதான்.

“இப்போ சரி மாமா” என்றேன்.

அவர் இன்னொரு முறை அழுத்தினார். மறுபடி முகம் சுருங்கியது. பெட்டியின் மூடியை இறக்கிவிட்டு, சாவியை என் கையில் வைத்தார். “அப்போ எனக்குத்தான் கேக்கல. இனிமே நீயே வாசிச்சிக்கோ.”

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாசித்தேன். நோட்டு அச்சிட்ட, ஆங்கில மெட்டுப் பாமாலைகள் மட்டும். அந்தக் கட்டை வரும் இடங்களில் விரலை எடுத்துவிடுவேன். கீர்த்தனை பாடும்போது பெட்டியைத் தொடமாட்டேன், ‘அதெல்லாம் ஆர்கனுக்குப் பொருந்தாது’ என்று ஒரு விளக்கம் வைத்திருந்தேன். எல்லாரும் நம்பினார்கள். மாமா கடைசி வரிசைக்குப் போய்விட்டார். முன்பெல்லாம் வாசித்துக்கொண்டே உரக்கப் பாடுகிறவர், இப்போது வாயைத் திறப்பதில்லை. சுருதி தப்பினால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று அப்பாவிடம் சொன்னாராம்.

இறுதிப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினேன். போதகர் அறிவித்தார், சபை கைதட்டியது, கடைசி வரிசையிலும் கைதட்டினார்கள். அன்று மாலையே உண்மையைச் சொல்லிவிடுவது என்று மாமா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லவேண்டியதை முணுமுணுத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

பாரிவாக்கத்திலிருந்து அவருடைய அக்கா வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. டீ போடச் சொன்னார். அக்காவிடம் என்னைக் காட்டினார்.

“இவதான் நான் சொன்ன பொண்ணு. இவ மட்டும் அன்னிக்கு சொல்லலேன்னா, காது போனது தெரியாம இன்னும் வாசிச்சிக்கினே இருந்திருப்பேன். சபைல எவனும் சொல்லல, தைரியமா இவதான் சொன்னா.” பிறகு என் பக்கம் திரும்பினார். “கம்பெனி டாக்டர்கிட்டயும் காட்டினேன் பாப்பா. காதுல ஒரு கொறையும் இல்லன்றாரு. அவருக்கு இன்னா தெரியும்? நீ படிச்சவ.”

அக்கா என் கன்னத்தைத் தொட்டுத் தன் விரல்களை முத்தமிட்டுக்கொண்டார். டீ வந்தது. இனிப்பாக இருந்தது. குடித்துவிட்டு, “வரேன் மாமா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.