இல்லாத மெஷினுக்கு உழைத்த காலம்

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று கிண்டியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில், சம்பளத்துக்கு. இன்னொன்றுக்குச் சம்பளமும் கிடையாது, அலுவலகமும் கிடையாது. முகம் தெரியாத சிலர், ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு, மின்னஞ்சல் வழியாகச் சேர்ந்து ஒரு வெர்ச்சுவல் மெஷின் எழுதிக்கொண்டிருந்தோம். மெஷின் என்றால் இரும்பு அல்ல. அதுவும் ஒரு புரோகிராம்தான். எந்தக் கணினி மொழியில் எழுதியதையும் இதற்குப் புரியும் கட்டளைகளாக மாற்றிவிட்டால், எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அந்தப் பெருந்தன்மைதான் என்னை இழுத்தது.

இரும்புலியூரில் குடியிருந்தோம். குழந்தை எழுந்திருப்பதற்கு முன், தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, அண்ணன் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் கொஞ்சம் எழுதுவேன். சாயங்காலம் ரயிலில் நின்றபடியே தாம்பரம் வந்து இறங்கி, மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், ஃபிளாப்பியில் கொண்டுவந்ததை அனுப்புவேன். கால் கடுக்கும். கண்ணில் மண் விழுந்தது போலிருக்கும். ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் ஒருநாள், "இதுல உனக்கு என்ன கிடைக்குது?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என் பங்கு, மெஷினில் குப்பை அள்ளும் பகுதி. ஓடும் புரோகிராம் நினைவகத்தில் போட்டு மறந்த பொருள்களைக் கண்டுபிடித்துக் காலி செய்ய வேண்டும். நான் எதை அனுப்பினாலும் குழுவில் ஒருவர் தவறாமல் திருப்பி அனுப்புவார். பெயருக்குப் பதில் இரண்டு எழுத்து மட்டும் போடுவார். நானும் அப்படித்தான். "இது சரிப்படாது. மறுபடி எழுதவும்." வெட்டு ஒன்று துண்டு இரண்டாக ஆங்கிலம். குளிர் தேசத்தில் காபியும் நாற்காலியும் ஓய்வும் உள்ள ஒரு வெள்ளைக்காரரை மனதில் வைத்துக்கொண்டு, ரயிலில் நின்றபடி அவரை வைதுகொண்டே வருவேன்.

அந்த வருடம் ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. பிரவுசிங் சென்டர்க்காரர் அந்தப் பக்கத்துப் பழைய ஊர்க்காரர். நிலம் வைத்திருந்த குடும்பம், இப்போது வரிசையாகக் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். "லைன் புட்டுக்கினு போச்சு மேடம். ரெண்டு நாளா பேஜாரா கீது, வந்தா உங்க அதிர்ஷ்டம்" என்றார். ஈரப் புடவையோடு காத்திருந்தேன். லைன் வந்ததும் இரண்டெழுத்துக்காரரின் மடல் ஒன்று இருந்தது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். தெருவில் முழங்கால் வரை தண்ணீர், ஜிஎஸ்டி ரோடு வரைக்கும் நடந்துதான் வரவேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார்.

ஜிஎஸ்டி ரோடு! எங்கள் தாம்பரம் வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலை. அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். பிறகு ஆங்கில எழுத்திலேயே தமிழில் கேட்டேன்: 'நீங்க எந்த ஊர் சார்?'

ஊரப்பாக்கம்.

குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. தினமும் தாம்பரத்தில் இறங்கி, செங்கல்பட்டு வண்டிக்காகக் காத்திருப்பவர். நான் இறங்கும் அதே ஸ்டேஷனில்.

பிளாட்பாரத்து டீக்கடை அருகே சந்தித்தோம். என் வயதுதான் இருக்கும். கையில் டிபன் கேரியர், சட்டையில் மசி, தூக்கம் போதாத முகம். என்னைப் பார்த்ததும் திகைத்தார்.

"நீங்க லேடின்னு தெரியாது மேடம்."

"தெரிஞ்சிருந்தா மெதுவா திட்டியிருப்பீங்களா?"

"ஐயோ, திட்டவே இல்லையே! சுருக்கமா எழுதினேன். எனக்கு அவ்வளவுதான் இங்கிலீஷ் வரும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை நாள் நான் சுமந்த வெள்ளைக்காரர் அங்கேயே கரைந்துபோனார்.

அதற்குப் பிறகு வாரத்தில் ஓரிரு சாயங்காலம் அந்த டீக்கடைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, அச்சடித்த தாள்களை மடியில் விரித்துக்கொள்வோம். மெஷின் அவ்வப்போது காரணமே தெரியாமல் பாதி ஓட்டத்தில் நின்று விழுந்துகொண்டிருந்தது. ஒருநாள் அவர் டீ டம்ளரைக் கையில் வைத்தபடி, "மேடம், இதை இன்னும் எங்கயும் வைக்கல. இந்த நேரத்துல குப்பைக்காரன் வந்து பெஞ்சை மட்டும் பார்த்துட்டு, அதுல இல்லாததெல்லாம் குப்பைன்னு அள்ளினா?" என்றார். எனக்கு உடனே புரிந்தது. அப்போதுதான் உருவாகி, இன்னும் எங்கும் பதிவாகாத பொருளை என் நிரல் குப்பை என்று அள்ளிக்கொண்டிருந்தது. கையில் இருப்பதையும் பார்க்கும்படி திருத்தினேன். மெஷின் விழுவது நின்றது. குழுவில் நாலைந்து பேர் பாராட்டி எழுதினார்கள். இருவரும் டீ சாப்பிட்டோம். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

சில மாதம் கழித்து, குழுவை நடத்தியவர் எல்லோருக்கும் எழுதினார். வேறொரு குழு இன்னும் வேகமான குப்பை அள்ளும் பகுதியை எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறது, நம்முடையதை எடுத்துவிட்டு அதைப் பொருத்தலாமா, ஆட்சேபம் உண்டா என்று கேட்டிருந்தார். அந்த நிரலை அச்சடித்துப் பெஞ்சுக்குக் கொண்டுபோனேன். அவர் பொறுமையாகப் படித்தார். வண்டி ஒன்று வந்து போனது. ஏறவில்லை.

"நல்லா எழுதியிருக்கான்" என்றார் கடைசியில்.

"ஆமா சார்."

"ஆட்சேபம்னு எழுதணும்னா எழுதலாம். ஆனா பொய்யாயிடும்."

சண்டை போட ஏதாவது இருந்திருந்தால் பரவாயில்லை. இல்லாததுதான் சோர்வாக இருந்தது. மறுநாள் நானே எழுதினேன்: ஆட்சேபம் இல்லை, மாற்றிக்கொள்ளுங்கள். அவரும் கீழே தன் இரண்டெழுத்தைச் சேர்த்தார். எங்கள் பகுதி ஒரே நாளில் வெளியே போனது.

அவர் மெல்ல விலகிவிட்டார். இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது, அவர் அப்பாவுக்கும் உடம்பு சரியில்லை. நான் இன்னும் சில காலம், மற்றவர்கள் எழுதியதற்கு விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருநீர்மலைக் கோயிலுக்குப் போயிருந்தபோது, படியில் அவரைப் பார்த்தேன். தோளில் குழந்தை, பின்னால் மனைவி. "ஆபீஸ்ல பழக்கமா?" என்று அவர் மனைவி கேட்டார். அவர் யோசித்தார்.

"ஆமா. ஒரே இடத்துல வேலை பார்த்தோம்" என்றார்.

எங்களுக்கு இன்னும் நிறையப் படி ஏற வேண்டியிருந்தது. என் கணவர் அவர் தோளிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டார்.